முனைவர் பட்டத்துக்குப் பிறகு கை கொடுப்பது யார்?

நம் குடியிருப்புகளில் ஒரு பிள்ளை முனைவர் பட்டம் வாங்கினால் அது ஊருக்கே திருவிழா. தெருமுனையில் அண்ணல் படத்தோடு பேனர் கட்டுகிறோம், இனிப்பு கொடுக்கிறோம். அந்த மகிழ்ச்சி நியாயமானது. கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் படித்து டாக்டர் பட்டம் பெறுவது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால், அந்தப் பேனர் வெயிலில் வெளுக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: “படிச்சு முடிச்சாச்சே, இனி என்ன?”

அறிவியல் படித்தவர்களைப் பொறுத்தவரை, உண்மையில் படிப்பு முடிவதில்லை. முனைவர் பட்டத்துக்கும் நிரந்தரப் பேராசிரியர் அல்லது விஞ்ஞானிப் பதவிக்கும் நடுவில் இன்னொரு படி இருக்கிறது. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை மூத்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வகத்தில் சம்பளத்தோடு ஆய்வு செய்வதுதான் அந்தப் படி. மாணவர்கள் இதை ‘போஸ்ட்டாக்’ என்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் முதல் நிலை உதவிப் பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பெரிய ஆய்வு நிறுவனங்களில் இந்த அனுபவம் இல்லாமல் நேர்காணல் வரை போவதே கடினம்.

இந்தப் படியைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. கிராமப்புறக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பாரும் குறைவு. அதன் விளைவைக் கண்ணெதிரே காண்கிறோம். திறமையாக ஆய்வு செய்தவர்கள், பட்டம் வாங்கிய கையோடு கிடைத்த கௌரவ விரிவுரையாளர் வேலையில் சேர்ந்து, ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. முப்பது வயதில் தங்கையின் கல்யாணமும் வீட்டுக் கடனும் தோளில் இருக்கும்போது, தெரியாத பாதையில் யார் கால் வைப்பார்கள்? அந்தப் பாதையைத் தெரிந்த பாதையாக்குவதுதான் நம் வேலை. மருத்துவ உயிரியல், மருத்துவப் படிமவியல் ஆகிய இரு துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

ஏன் இந்தத் துறை?

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், பெட் ஸ்கேன், செல்லுக்குள் பார்க்கும் நுண்ணோக்கி ஆகியவை எல்லாம் சேர்ந்ததே படிமவியல். மருத்துவம் படித்தவர்களுக்கு மட்டுமான துறை இது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், வேதியியல், மருத்துவப் பொறியியல் என எந்தப் பக்கத்திலிருந்தும் இதற்குள் வரலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வழிவகுத்ததற்காக 2003-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் பால் லாட்டர்பர் வேதியியலாளர். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இயற்பியலாளர்.

மான்ஸ்ஃபீல்டின் கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1933-இல் லண்டனில் பிறந்த அவர் 15 வயதில் பள்ளியை விட்டவர். அச்சுத் தொழிலில் உதவியாளராக வேலை செய்தார். பிறகு வேலை பார்த்துக்கொண்டே படித்து, கல்லூரிக்குள் நுழைந்து, 1962-இல் முனைவர் ஆனார். அதன் பிறகு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்லிக்டர் என்ற பேராசிரியரிடம் இரண்டு ஆண்டுகள் போஸ்ட்டாக்காக இருந்தார். 1964-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எம்.ஆர்.ஐ. பணியெல்லாம் அங்கே நடந்ததுதான். தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒருவர் ஆய்வுலகில் நிலைத்து நிற்க அந்த இரண்டு ஆண்டுகள் பாலமாக இருந்தன.

நம்மவர்கள் இந்தத் துறையில் இருக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. காசநோயைக் கண்டறிய, கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளும் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் மென்பொருள்களும் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இத்தகைய மென்பொருள்களை உருவாக்கப் பயன்படும் புகழ்பெற்ற படத் தொகுப்புகளில் ஒன்று, 2017-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அதில் 30,805 நோயாளிகளின் 1,12,120 மார்பு எக்ஸ்ரே படங்கள் இருக்கின்றன. அத்தனையும் அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் எடுக்கப்பட்டவை. கல்குவாரியில் தூசியை விழுங்கி வேலை செய்தவரின் நுரையீரலையும், துப்புரவுப் பணியாளரின் நுரையீரலையும் அப்படிக் கற்ற கணினி சரியாகப் படிக்குமா? அந்த நுரையீரல்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி முதலில் தோன்றும். அவர் ஆய்வகத்துக்குள் இல்லையென்றால் கேள்வியும் உள்ளே நுழையாது.

இடஒதுக்கீடு நிற்கும் இடம்

பள்ளியிலிருந்து முனைவர் பட்டம் வரை ஏதோ ஒரு வகையில் அரசின் கை நம்மோடு வருகிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954-55-இல் வந்தது. பட்டியலின மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடங்கள் வைத்தார்கள். ஆனால், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த தனித் திட்டத்தில் ஆண்டுக்கு 100 இடங்கள்தான். இரண்டாயிரம் பேரை வாசல் வரை அழைத்துவந்து நூறு பேருக்கு மட்டும் கதவைத் திறப்பது என்ன கணக்கு?

வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையும் இப்போது முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்குமே தரப்படுகிறது. போஸ்ட்டாக் அதில் இல்லை.

மேலே போகப் போக வாசல் இன்னும் குறுகுகிறது. 1992-இல் மண்டல் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள் போன்ற சிலவற்றில் இடஒதுக்கீடு உகந்ததல்ல என்று கருத்துத் தெரிவித்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டை உறுதிசெய்ய 2019-இல் கொண்டுவந்த சட்டமே, சில உயர் ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்தது. மூளைப் படிமவியலில் முக்கியமான இடமான மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நாட்டின் முன்னணி அறிவியல் நிறுவனங்களில் படிநிலை உயர உயர தலித், ஆதிவாசி எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போவதை 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் வரைபடங்களோடு எடுத்துக்காட்டியது. தகுதி இல்லை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. தகுதியைச் சேர்க்கும் அந்தப் படியிலேயே நம்மவர்கள் உதிர்ந்துபோகிறார்கள்.

திட்டங்களும் வாசல்களும்

போஸ்ட்டாக் இடம் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, ஒரு விஞ்ஞானி தம் ஆய்வுத் திட்டத்தின் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பது. இரண்டாவது, நாமே உதவித்தொகைக்கு விண்ணப்பித்து வென்று, அந்தப் பணத்தோடு அவர் ஆய்வகத்தில் சேர்வது. இரண்டுக்கும் முதல் அடி ஒன்றே: அந்த விஞ்ஞானி நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில், ஆய்வுத் திட்டங்களில் ‘ரிசர்ச் அசோசியேட்’ என்ற பெயரில் இந்த வேலை இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023-இல் திருத்திய விகிதப்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. வீட்டு வாடகைப்படி தனி. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்கானது. அதற்கான வயது வரம்பு 35 ஆக இருந்துவந்துள்ளது. பட்டியலினத்தவருக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008 முதல் நடத்தும் ‘இந்தியா அலையன்ஸ்’ தரும் தொடக்கநிலை உதவித்தொகை ஐந்து ஆண்டுகளுக்கு. இதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாயில் 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. இவை தவிர ஐ.சி.எம்.ஆர்., சி.எஸ்.ஐ.ஆர். ஆகியவற்றிலும் ஐ.ஐ.டி.களிலும் தனித் திட்டங்கள் உள்ளன.

வேலை நடக்கும் இடங்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில், கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 துண்டுகளாக்கிப் படம்பிடித்த ‘தாரணி’ என்ற தொகுப்பை வெளியிட்டு உலகத்தின் கவனத்தைப் பெற்றது. சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ஹைதராபாத் சி.சி.எம்.பி. எல்லாம் ஓர் இரவு ரயில் பயணத்தில் எட்டிவிடும்.

வெளிநாடு என்றால் அமெரிக்கா மட்டும் என்று நினைக்கவேண்டாம். அங்கே சம்பளம் கூடுதல்தான். அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 2024 விகிதப்படி முதல் ஆண்டு போஸ்ட்டாக்குக்கு 61,008 டாலர், அதாவது சுமார் 50 லட்சம் ரூபாய். ஆனால் அந்த நிறுவனத்தின் சில பயிற்சி உதவித்தொகைகள் அந்நாட்டவருக்கு மட்டுமே. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்ததும் தெரிந்ததே. பெரும்பாலான போஸ்ட்டாக்குகள் ஜே-1 விசாவில்தான் போகிறார்கள் என்றாலும், ஒரே நாட்டை நம்பியிருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது. பட்டம் பெற்ற பிறகு எட்டு ஆண்டுக்கு மேல் ஆய்வு அனுபவம் இருக்கக்கூடாது. போக விரும்பும் நாட்டில் கடந்த மூன்று ஆண்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகை பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கானது, ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஆறு ஆண்டுக்குள். உயிரியல் துறையினருக்கு ‘எம்போ’ உதவித்தொகை உண்டு. முதல் பெயராக ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஆண்டுக் கணக்குகளைக் கவனியுங்கள். பட்டம் வாங்கி நான்கைந்து ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் பல கதவுகள் மூடியிருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பட்டியலின உதவிகள் பலவும் தலித் கிறிஸ்தவர்களுக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டு ஆணையின் மதக் கட்டுப்பாடு அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. மேலே சொன்ன வெளிநாட்டு உதவித்தொகைகளுக்குச் சாதியோ மதமோ தடை இல்லை.

ஒரு கடிதத்தில் இருக்கிறது சூட்சுமம்

போஸ்ட்டாக் இடங்களில் பாதிக்கும் விளம்பரமே வருவதில்லை என்று மாணவர்கள் குறைப்படுவதுண்டு. விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும், நேரடியாக விஞ்ஞானிக்கு மின்னஞ்சல் எழுதுவது இந்த உலகத்தின் வழக்கம். அது தவறும் இல்லை, சிபாரிசும் இல்லை. நம் பிள்ளைகள் இதற்குத் தயங்குகிறார்கள். பெரிய இடத்துக்கு நாமாக எழுதுவதா என்ற கூச்சம் தலைமுறை தலைமுறையாக நம்மீது ஏற்றப்பட்டது. அதை இறக்கி வையுங்கள்.

எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். அந்த விஞ்ஞானியின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படியுங்கள். பிறகு மூன்று சிறு பத்திகள் போதும். உங்கள் கட்டுரையில் எனக்குப் பிடித்த கேள்வி இது. நான் இதுவரை செய்தது இது. உங்களிடம் சேர்ந்தால் செய்ய விரும்புவது இது. தன்விவரத்தையும் வெளியான கட்டுரைகளையும் இணையுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று வணங்கி ஒரு பக்கம் புகழ வேண்டாம். பட்டம் முடிய ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்கு முன்பே தொடங்குங்கள். பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். முப்பது கடிதத்துக்கு மூன்று பதில் வந்தாலும் சோர வேண்டாம். எல்லாச் சாதிக்காரருக்கும் இங்கே இதுதான் நிலை.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று பேரிடமிருந்து கேட்பார்கள். நம் மாணவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. நெறியாளர் ஒருவரையே நம்பியிருக்கும்போது, அவருக்கு மனம் இல்லையென்றால் எதிர்காலமே நின்றுவிடுகிறது. சாதி இந்த இடத்தில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. கடிதத்தில் என்ன எழுதினார் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. எனவே முதல் ஆண்டிலிருந்தே ஆய்வுக் குழு உறுப்பினர்கள், கூட்டாக வேலை செய்த வேறு கல்லூரி ஆசிரியர்கள், மாநாட்டில் உங்கள் வேலையைக் கேட்டுப் பாராட்டியவர்கள் என்று நாலு பேரோடு தொடர்பு வைத்திருங்கள்.

எங்கள் கல்லூரியில் ஸ்கேன் கருவியே இல்லையே என்று கேட்கலாம். கருவி இல்லாமலும் தொடங்கலாம். மேலே சொன்ன எக்ஸ்ரே தொகுப்பு இலவசம். புற்றுநோய்ப் படங்களுக்கான ‘கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ்’, மூளைப் படங்களுக்கான ‘ஓப்பன் நியூரோ’ ஆகியவற்றிலிருந்தும் படங்களைப் பெறலாம். அவற்றை ஆராயும் ‘இமேஜ்ஜே’, ‘த்ரீடி ஸ்லைசர்’ போன்ற மென்பொருள்களுக்கும் பைதான் மொழிக்கும் காசு கிடையாது. ஒரு மடிக்கணினியும் விடாமுயற்சியும் இருந்தால், செய்து காட்டியதை ஆதாரமாக வைத்து எழுதலாம்.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்று, பெயர். நம்மிடம் இனிஷியல் மட்டும் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி, கட்டுரையில் வேறு மாதிரி இருந்தால் விசாவில் சிக்கல் வரும். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே பெயரை ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. உண்மையான போஸ்ட்டாக் இடத்துக்கு யாரும் முன்பணம் வாங்க மாட்டார்கள். ‘இடம் உறுதி, இவ்வளவு கட்டுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது மோசடி. நகையை அடகு வைக்க வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நேர்மை ஆகாது. 1942-இல் வைஸ்ராயிடம் அண்ணல் அம்பேத்கர் அளித்த கோரிக்கை மனுவில், செலவு மிகுந்த அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நம் மக்களுக்கு எட்டாமல் இருப்பதைச் சுட்டி, அதற்கு அரசே உதவித்தொகை தரவேண்டும் என்றார். அந்தக் கோரிக்கையின் அடுத்த படியைக் கேட்கும் காலம் இது.

முதலாவது, முனைவர் பட்டத்துக்குத் தரும் உதவியின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறை போஸ்ட்டாக் உதவித்தொகை ஒன்றைத் தர வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது பேரோடு தொடங்கினாலும் போதும். அதில் மதம் மாறிய தலித்துகளும் இடம்பெற வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டு இடம் கிடைத்தவருக்குப் பயண முன்பணம் வேண்டும். விமான டிக்கெட், விசாக் கட்டணம், வாடகை முன்பணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். முதல் சம்பளம் வரும்வரை அந்தத் தொகையைப் புரட்ட முடியாமல் கந்துவட்டிக்குப் போகும் நிலை கூடாது. திருப்பிக் கட்டும் கடனாகக் கொடுத்தாலே போதும்.

மூன்றாவது, பொதுப்பணத்தில் இயங்கும் ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் போஸ்ட்டாக் இடங்களை வெளிப்படையாக விளம்பரம் செய்து, அதில் பட்டியலினத்தவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 1,500 கோடியில் திட்டம் அறிவிக்கும் அரசுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல ஒரு பக்கத் தாள் போதும். நான்காவது, மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது ஆண்டுக்கு இருமுறை பயிலரங்கு நடத்தி, கடிதம் எழுதுவது முதல் நேர்காணல் வரை சொல்லித்தர வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை, ஏற்கெனவே அந்தப் படியைத் தாண்டிப்போன நம்மவர்களிடம். பள்ளி மாணவராக இருந்த பீமராவைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பின்னாளில் அறிமுகம் செய்துவைத்தவர் கெலுஸ்கர் என்ற ஆசிரியர். மன்னரின் உதவித்தொகையில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அந்த இளைஞர், 1913-இல் அதே மன்னரின் உதவியோடு கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். அறிவு அவருடையது, உழைப்பு அவருடையது. கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட ஒருவர் தேவைப்பட்டார். ஆண்டுக்கு இரண்டு மாணவர்களின் கடிதத்தைத் திருத்திக் கொடுங்கள். உங்கள் ஆய்வகத்தில் இடம் வரும்போது ஊர்க் கல்லூரிக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

முனைவர் பட்டம் பெற்றவர்களின் பேனர்கள் நம் தெருக்களில் இன்னும் பெருகட்டும். அந்தப் பேனரில் இருப்பவர் அடுத்த ஆண்டு எந்த ஆய்வகத்தில் இருக்கிறார் என்று கேட்கும் பொறுப்பும் ஊருக்கு இருக்கிறது.